சேமநிதிப் பணமும் முதலாளிகள் யோக்கியதையும்

நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலை ஏற்பட்டது 1842ம் வருஷத்தில். அது முதல் அவ்வூர் தொழிலாளர் ஊராகவே இருந்து வருகிறது. சம்பளப் பிடித்தம், சேமநிதி என்கின்ற வார்த்தைகள் அங்குள்ள தோழர்களுக்குப் புதியவையல்ல. ஆனால் பிடித்த பணம் எங்கே போகிறது என்கின்ற கேள்வியைத் தொழிலாளர்கள் எங்குமே போதிய அளவு கேட்பதில்லை என்பது நமது அபிப்பிராயம். எந்த ஓர் ஆலையையும் குறித்து நாம் இதை எழுதவில்லை. நாடெங்கும் நடக்கும் ஒரு மோசத்தைப் பற்றியே எழுதுகிறோம்.

1952ம் வருஷத்துச் சேமநிதிச் சட்டம் செய்த ஏற்பாடு என்னவென்றால், தொழிலாளி சம்பளத்தில் ஒரு பங்கைப் பிடித்து, முதலாளி தன் பங்கையும் சேர்த்து, மறுமாதம் 15ந் தேதிக்குள் கட்டிவிட வேண்டும் என்பதாகும். பெரும்பாலான தொழில்களில் இப்பங்கு 100க்கு 12 என்றாயிற்று. ஆனால் நடப்பதென்ன? பிடிப்பது ஒரு மாதமும் தவறுவதில்லை, கட்டுவதுதான் தவறுகிறது. கேட்டால் எஜமானர் கான்டிராக்டரைக் கை காட்டுகிறார். கான்டிராக்டரோ பில் பணம் வரவில்லை என்கிறார். கான்டிராக்டர் ஆளுக்கும் அசல் முதலாளியே பொறுப்பு என்று சட்டம் சொன்னதை இருவருமே மறந்துவிடுகிறார்கள்!

தொழிலாளியிடம் பிடித்த பங்கைக் கட்டாமல் வைத்துக்கொள்வது நம்பிக்கை மோசடியாகும் என்று பினல் கோடு 405வது செக்ஷனில் 1973லேயே சேர்க்கப்பட்டது. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய குற்றச் சட்டத்திலும் அது இருக்கிறது. ஒரு மூட்டை சர்க்கரை தூக்கிய கூலிக்காரனுக்குத் திருடன் என்று பெயர். நூறு பேர் வயோதிக காலத்துச் சோற்றை மாதா மாதம் எடுத்துக்கொள்ளும் கனவானுக்கோ "பாக்கிதாரர்" என்று பெயர். இது எந்த ஊர் நியாயம் என்று கேட்கிறோம்.

தனி முதலாளிகள்தான் இப்படி என்றால் சர்க்கார் யோக்கியதை அதைவிட மேலானதாயில்லை. 2018 ஜனவரியில் தமிழ்நாட்டு சர்க்கார் பஸ் தொழிலாளர்கள் ஒரு வாரத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பள உயர்வு மாத்திரமல்ல, தங்களிடம் பிடித்த பணமும் சேர்ந்து சுமார் 7,000 கோடி ரூபாய் போக்குவரத்துக் கழகங்களால் வேறு காரியங்களுக்குச் செலவழிக்கப்பட்டது என்பது சங்கங்களின் புகார். ஓய்வு பெற்றவர்கள் பாக்கிக்காக 750 கோடி ரூபாய் கொடுப்பதாக சர்க்கார் அறிவித்ததே அவ்வேலைநிறுத்தத்தின் போதுதான். கடலூருக்கும் பண்ணுருட்டிக்கும் இடையே நெல்லிக்குப்பம் வழியாக தினம் பஸ் ஓட்டியவர்களும் அந்தக் கழகங்களின் ஆட்களே.

நிற்க, நம் தோழர்களிடமும் ஒரு குறை உண்டு. ஆயுத பூஜையன்று மிஷினுக்குச் சந்தனம் பூசி, முதலாளி கொடுக்கும் பொரி கடலையை வாங்கிக்கொண்டு, பணம் வராதபோது "நம் தலையெழுத்து" என்று வீடு திரும்புகிறவர்கள் எத்தனை பேர்? எந்தப் பிரம்மாவும் சேமநிதிக் கணக்கை எழுதுவதில்லை. அதை எழுதுகிறவன் ஆபீசு குமாஸ்தா. எழுத வேண்டாமென்று தடுப்பவன் முதலாளி. பூஜை செலவுக்குப் பணமிருக்கிற இடத்தில் சேமநிதிக்கு மாத்திரம் எப்படி இல்லாமல் போகும்?

ஆகவே தொழிற்சங்கங்கள், பணம் கட்டிய ரசீதை மாதந்தோறும் 16ந் தேதி ஆலை வாசலில் ஒட்டும்படி கேட்க வேண்டும். ஒட்டாத மாதத்தில், ரிட்டயராகும் நாள் வரை காத்திராமல், மறுநாளே சேமநிதி ஆபீசுக்கு எழுத்து மூலம் புகார் போக வேண்டும்.