ஃபுல் ஸ்டாப் வைத்தால் கோபமா?

'வர லேட் ஆகும்' என்று மகள் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறாள். அம்மா ஆங்கிலத்தில் 'ஓகே' என்று டைப் செய்து, பக்கத்தில் ஒரு ஃபுல் ஸ்டாப்பும் வைக்கிறார். அது அவருக்குப் பள்ளிக்கூடப் பழக்கம். மகளுக்கோ, 'அம்மா கோபமா இருக்காங்களோ?' என்று சந்தேகம்.

இந்தச் சந்தேகம் பல வீடுகளில் உண்டு. அமெரிக்காவின் பிங்கம்டன் பல்கலைக்கழகத்தில் 126 மாணவர்களிடம் நடந்த ஆய்வு ஒன்று 2015-ல் வெளியானது. ஒற்றை வார்த்தைப் பதில் ஃபுல் ஸ்டாப்போடு வந்தால், அது ஃபுல் ஸ்டாப் இல்லாததைவிடக் குறைவாகவே மனதாரச் சொன்னதாக அவர்களுக்குத் தோன்றியது. அதே பதிலைக் கையால் எழுதிய சீட்டாகக் காட்டியபோது இந்த வித்தியாசம் இல்லை.

காரணம் எளிது. சாட்டில் 'சென்ட்' பட்டனே வாக்கியத்தை முடித்துவிடுகிறது. அதற்கு மேல் ஒரு புள்ளி வைத்தால், 'பேச்சு முடிந்தது' என்பதுபோல் ஆகிவிடுகிறது. பெரியவர்கள் ஒற்றை வார்த்தைப் பதிலில் மட்டும் அதை விட்டுவிடலாம்.

இளையவர்களின் சிக்கல் நேர் எதிரானது. சாட் பழக்கத்திலேயே வேலைக்கான இமெயிலையும் எழுதிவிடுகிறார்கள். அங்கே ஃபுல் ஸ்டாப் இல்லையென்றால், படிப்பவருக்கு அது அக்கறையின்மையாகத் தெரியும். இதையெல்லாம் கவனியுங்கள்:

* 'ஐ ஹேவ் அட்டாச்டு மை ரெஸ்யூமே, ப்ளீஸ் கால் மீ' என்று இரண்டு முழு வாக்கியங்களை கமாவால் ஒட்டாதீர்கள். 'ரெஸ்யூமே'வுக்குப் பிறகு ஃபுல் ஸ்டாப் வைத்து, அடுத்த வாக்கியத்தை கேபிட்டல் லெட்டரில் தொடங்குங்கள்.

* புள்ளிக்கு முன்னால் இடைவெளி கூடாது. பின்னால் ஒரு இடைவெளி வேண்டும். பல போன்களில் ஸ்பேஸ் பாரை இரண்டு முறை தட்டினால் இரண்டும் தானாகவே வந்துவிடும்.

* 'இன்டர்வியூ எப்போது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்' என்பதை ஆங்கிலத்தில் எழுதினால், முடிவில் ஃபுல் ஸ்டாப்தான். அது நேரடிக் கேள்வி இல்லை என்பதால் கேள்விக்குறி வராது.

* புள்ளியோடு எழுதும் 'எட்செட்ரா', 'ஏ.எம்.' போன்ற சுருக்கங்களில் வாக்கியம் முடிந்தால் ஒரே புள்ளி போதும். இன்னொன்று வைக்க வேண்டாம்.

* 'மிஸ்டர்' என்பதன் சுருக்கத்துக்கு அமெரிக்க ஆங்கிலத்தில் புள்ளி உண்டு. இன்றைய பிரிட்டிஷ் வழக்கில் பெரும்பாலும் இல்லை. இரண்டும் சரியே. ஒரே கடிதத்தில் இரண்டையும் கலக்காதீர்கள்.

* வாக்கியத்துக்கு வாக்கியம் மூன்று புள்ளிகள் வைப்பது நம் ஊர்ப் பழக்கம். அலுவலகக் கடிதத்தில் அது தயங்கித் தயங்கிப் பேசுவதுபோல் இருக்கும். ஒன்றே போதும்.

வேலைக்கான மெயிலை அனுப்பும் முன் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். ஒரு விஷயத்தைச் சொல்லி முடித்து அடுத்ததற்குப் போகும் இடத்தில் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். உங்களை நேரில் பார்க்காத ஒருவர் உங்களைப் பற்றி முதலில் தெரிந்துகொள்வது அந்த நாலு வரியில்தான்.