கிணற்றை மறந்த கமம்

வற்றாத ஆறொன்றேனும் இல்லாதது எமது யாழ்ப்பாணக் குடாநாடு. வழுக்கியாறும் மாரியில் ஓடிக் கோடையில் வறள்வதே. ஆதலின் பயிருக்கும் உயிருக்கும் கிணறே கதி. மாரிமழையை உறிஞ்சிக் காக்கும் சுண்ணாம்புக்கல்லினுள் நன்னீரானது கடல்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. புத்தூர் நிலாவரைக் கிணற்றின் மேற்பகுதியில் நன்னீரும் ஆழத்தில் உப்புநீரும் இருத்தல் இதற்குக் கண்கூடான சான்றாகும்.

துலா மிதித்து இறைத்த காலத்தில் மனிதனின் களைப்பே நீருக்குக் காவலாயிருந்தது. இறைக்கும் இயந்திரம் வந்தபின் அக்காவல் நீங்கிற்று. உடலுழைப்பின் கொடுமை குறைந்தமையை யாம் வரவேற்கின்றோம். அளவு மறந்தமைக்கே வருந்துகின்றோம். இவ்வாறு மிதக்கும் நன்னீரின் மட்டம் ஓரடி தாழின், கீழுள்ள உப்புநீர் ஏறத்தாழ 40 அடி மேலெழும் என்பது நீரியலார் கணக்கு.

உரத்தின் கதையும் இத்தகையதே. முன்னோர் குழை தாழ்த்தும் ஆட்டுப்பட்டி அடைத்தும் மண்ணைப் பேணினர். இன்று வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் யூரியா தாராளமாக இடப்படுகின்றது. நூற்றுக்கு 46 பங்கு நைதரசன் கொண்ட அவ்வுரத்திற் பயிர் உண்டது போக எஞ்சியதில் ஒரு பகுதி, நைத்திரேற்றாக மாறிக் கல்வெடிப்புகளின் வழியே கிணற்றைச் சேர்கின்றது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் அது இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் அவ்வளவு மீறப்பட்டமையை ஆய்வுகள் காட்டியுள்ளன. நீரைக் கொதிக்க வைப்பினும் அது நீங்காது. பச்சிளங் குழந்தையின் இரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலை அது குறைக்கவல்லது.

ஆயின், செயற்கை உரத்தை ஒரே நாளில் ஒழித்துவிடலாம் என்பாரோடும் யாம் உடன்படோம். 2021ஆம் ஆண்டில் இலங்கை அரசு இரசாயன உர இறக்குமதியைத் திடீரெனத் தடைசெய்தது. அவ்வாண்டு முடியுமுன்னரே தடையைத் தளர்த்த நேர்ந்தது; ஆயினும் நெல் விளைவு வீழ்ந்தது; கமக்காரர் கடன்பட்டனர். பல்லாண்டு உரத்திற்குப் பழகிய மண்ணை ஒரு வர்த்தமானி அறிவித்தல் மாற்றிவிடாது.

படிப்படியான மாற்றமே நிலைக்கும். மண்ணைச் சோதித்து, வேண்டிய அளவு உரத்தைத் தவணை பிரித்து இடல். குழையையும் எருவையும் மீண்டும் சேர்த்தல். சொட்டுநீர்ப் பாசனத்தைக் கைக்கொள்ளல். தூர்ந்த குளங்களைத் திருத்தி மாரிநீரை நிலத்தினுள் இறக்கல் ஆகியன செய்யத்தக்கவை. இவற்றின் செலவைக் கமக்காரன் தனியே சுமக்கவேண்டும் என்பது அறமன்று. அவன் விளைத்ததை உண்போரும், அவனது நிலத்தடி நீரையே பருகுவோரும் நாமெல்லோருமன்றோ?

விழாக் காணும் எமது கல்லூரிக்கும் இதில் ஒரு பணி உண்டு. அயற் கிணறுகளின் நீரை மாரிக்கு முன்னும் பின்னும் சோதித்து, உப்பையும் நைத்திரேற்றையும் விஞ்ஞான மாணவர் ஆண்டுதோறும் பதிவேட்டில் எழுதுவாராக. அதற்கான கருவிகளைப் பழைய மாணவர் உதவுவாராக. கமத்தின் நலத்தை விளைச்சலைக் கொண்டு மட்டும் அளத்தல் போதாது. கிணற்று நீரையும் கொண்டு அளத்தல் வேண்டும். அடுத்த விழா மலரில் அப்பதிவேட்டின் கணக்கு அச்சேறுமாயின், அதுவே இவ்விழாவின் நற்பயன் என்போம்.