மண்டையோடு சுமக்கும் அந்து

இரவில் விளக்கை நாடி வரும் அந்துகளை நாம் பொருட்படுத்துவதில்லை. ஆயின், ஐரோப்பியக் குடியானவரை ஒரு காலத்தில் நடுங்கவைத்த அந்து ஒன்றுண்டு. அதன் கருநிற முதுகிலே மனித மண்டையோட்டை மஞ்சளில் வரைந்தாற் போன்ற அடையாளம். போதாக்குறைக்குத் தொட்டால் எலிபோற் கீச்சிடும். சாவின் தூதென எண்ணி அதனை அடித்துக் கொன்றனர்.

1758இல் சுவீடன் நாட்டறிஞர் இலின்னேயசு அதற்கு 'அத்துரோப்பொசு' எனப் பெயரிட்டார். கிரேக்க புராணத்தில் உயிரிழையை அறுப்பவள் பெயர் அது. பின்வந்தோர் வகுத்த சாதிப்பெயரான 'அக்கரோந்தியா'வும் பாதாள ஆறொன்றை நினைவூட்டுவதே. அறிஞரும் பாமரர் அச்சத்திற்கு உடந்தையாயினரோ என நமக்குத் தோன்றுகிறது.

விரித்த சிறகுகள் 13 சென்ரிமீற்றர் வரை நீளும். பின்சிறகுகள் மஞ்சள், குறுக்கே இரு கரும்பட்டைகள். குறுகித் தடித்த உறிஞ்சுகுழல் வழியே காற்றை இழுத்து வெளிவிடுவதாலேயே அக்கீச்சொலி எழுகிறது. அதே குழலால் தேனடையைத் துளைத்துத் தேன் குடிக்கும். தேனீக்களின் மணத்தை ஒத்த மணம் தன் உடலில் இருப்பதால் கூட்டுக் காவலை ஏய்த்துவிடும். திருடனாயினும் கெட்டிக்காரன்!

ஆபிரிக்காவும் மத்தியதரைக் கரையும் இதன் நிலையான உறைவிடம். ஆண்டுதோறும் வடக்கே பிரித்தானியா வரையும் பறந்து சென்று, உருளைக்கிழங்குச் செடியில் முட்டையிடும். அங்குள்ள மாரிக்குளிரை மட்டும் தாங்காது.

இலங்கையிலும் இதன் உறவினங்கள் இரண்டு உள: இலக்கேசிசு, சுதிக்சு. அவற்றின் முதுகிலும் அதே மண்டையோடுதான். சுவரில் ஒன்று வந்தமர்ந்தால் தும்புத்தடியைத் தேடாது, மாணவர் பென்சிலை எடுத்து வரைந்து பார்க்கலாம்.