பரணில் கிடந்த பேட்

போன இதழில் முழங்கால் வலியைப் பற்றி எழுதியதற்குச் சகோதரிகள் பலர் கடிதம் போட்டிருந்தீர்கள். அதையே தொடரலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் விழுப்புரத்தில் பெண் வீட்டுக்குப் போய் வந்ததிலிருந்து மனசு வேறொரு விஷயத்திலேயே நிற்கிறது.

திண்டிவனத்திலிருந்து பஸ் ஏறிப் போய் இறங்கி, வாசலில் இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. சம்பந்தியம்மாள் பிடித்துக்கொண்டார்.

"நீங்களே கேளுங்க சம்பந்தி! குழந்தைக்கு இன்னும் எட்டு மாசம் முடியல. உங்க பொண்ணு மறுபடியும் பேட்டைத் தூக்கிக்கிட்டு கிரவுண்டுக்குப் போகணுங்கறா!"

என் பெண் பள்ளி நாளில் பூப்பந்து ஆடியவள். அந்த மஞ்சள் கம்பளிப் பந்துகள் எங்கள் வீட்டு மூலை முடுக்கெல்லாம் கிடக்கும். கல்யாணம் நிச்சயமானதும் அவள் பேட்டைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டது மாமியார் இல்லை, நான்தான். "இனிமே எதுக்குடி இது?" என்று கேட்டதும் நானேதான். அதனால் சம்பந்திக்குச் சட்டென்று பதில் சொல்ல வாய் வரவில்லை.

காபி டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு நிருபமா வைத்தியநாதன் கதையை ஆரம்பித்தேன். கோயம்புத்தூர்ப் பெண். அப்பா தமிழ்நாட்டுக்காக ரஞ்சிப் போட்டியில் ஆடிய கிரிக்கெட்காரர். அவர்தான் பெண்ணுக்கு டென்னிஸ் சொல்லிக்கொடுத்தார். 1998 ஜனவரியில், மெல்போர்னில் நடந்த ஆஸ்திரேலிய ஓப்பனில் இத்தாலிக்காரி குளோரியா பிஸ்ஸிகினியை முதல் சுற்றிலேயே தோற்கடித்தார். இந்தக் காலத்து கிராண்ட் ஸ்லாம் போட்டியில், பிரதான சுற்றில் ஓர் ஆட்டம் ஜெயித்த முதல் இந்தியப் பெண் அவர்தான். சானியா மிர்சா வந்து பேர் வாங்கியது அதற்கு ஏழு வருஷம் கழித்து, 2005இல். அந்த 1998 கடைசியில் பாங்காக் ஆசியப் போட்டியில் மகேஷ் பூபதியோடு கலப்பு இரட்டையரில் வெண்கலமும் வாங்கினார்.

"அப்புறம்?" என்றார் சம்பந்தி.

அப்புறம் என்ன, நம் வீட்டுக் கதைதான். கல்யாணம், அமெரிக்கா, ஒரு பெண் குழந்தை, ஆட்டம் நின்றது. ஆனால் அவர் பேட் பரணிலேயே கிடந்துவிடவில்லை. 2010இல், 33 வயதில், குழந்தைக்குத் தாயான பிறகு, டெல்லி காமன்வெல்த் போட்டியில் இந்தியாவுக்காக மறுபடி களமிறங்கினார்!

"அவங்க பெரிய ஆட்டக்காரங்க. இவ என்ன கப்பா வாங்கப்போறா?"

உள்ளேயிருந்து என் பெண் சொன்னாள்: "கப்புக்கா கேக்கறேன் அத்தை? சாயங்காலம் ஒரு மணி நேரம் வேர்க்க வேர்க்க ஓடிட்டு வந்தா ராத்திரி நல்லாத் தூக்கம் வரும். அதுகூடக் கேக்கக் கூடாதா?"

எனக்குச் சுருக்கென்றது. இந்த எட்டு மாசத்தில் நாங்கள் இரண்டு பேரும் குழந்தையின் தூக்கத்தைத்தான் விசாரித்திருக்கிறோம்.

மறுநாள் அவளை டாக்டரம்மாவிடம் அழைத்துப்போனேன். சம்பந்தியும் கூட வந்தார், அதுவே ஆச்சரியம்! டாக்டரம்மா தடை சொல்லவில்லை. பிரசவமான முதல் மூன்று மாசம் ஓட்டம், குதி எதுவும் வேண்டாம். சிசேரியன் என்றால் இன்னும் நிதானம் வேண்டும். இவளுக்கு அந்தக் கெடு தாண்டிவிட்டது. ஆனாலும் எடுத்த எடுப்பில் கிரவுண்டுக்குப் போகாமல், முதலில் சில வாரம் வேக நடை, அடிவயிற்றுத் தசைக்கும் இடுப்புத் தசைக்கும் பயிற்சி. குதிக்கும்போது சிறுநீர் கசிந்தாலோ, அடியில் ஏதோ இறங்குகிறாற்போல் கனத்தாலோ உடனே நிறுத்திவிட்டு வந்து சொல்லணும். "இதை வெளியே சொல்ல வெக்கப்பட்டு வருஷக்கணக்கா அவஸ்தைப்படறவங்க எத்தனையோ பேர்" என்றார். (படிக்கிற உங்களில் யாருக்காவது இருந்தால், தயவுசெய்து நீங்களும் டாக்டரிடம் சொல்லுங்கள்.) பால் கொடுத்துவிட்டுப் போனால் மார்பு கனக்காது. இறுக்கிப் பிடிக்கிற உள்ளாடை, நல்ல ஷூ, நிறையத் தண்ணீர்.

வலியைப் பொறுத்துக்கொண்டு ஆடாதே என்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னார். பிரெஞ்சுக்காரி மரியோன் பார்த்தோலி ஞாபகம் வந்தது எனக்கு. அவருக்கும் அப்பாதான் குரு. அவர் ஒரு டாக்டர். 2013இல் ஒரு செட்கூட இழக்காமல் விம்பிள்டன் ஜெயித்தவர், நாற்பது நாள்கூட ஆகாமல், உடம்பு வலி தாங்கவில்லை என்று 28 வயதில் ஆட்டத்தையே விட்டுவிட்டார்.

திண்டிவனம் திரும்பியதும் ஸ்டூல் போட்டுப் பரணில் ஏறினேன். பேட்டில் நரம்பு இரண்டு இடத்தில் அறுந்திருந்தது. கைப்பிடித் துணியும் பிசுபிசுத்துக் கிடந்தது. தூசி தட்டிக்கொண்டிருக்கும்போதே சம்பந்தியிடமிருந்து போன்.

"ஆறரைக்குள்ள வீட்டுக்கு வந்துடணும்னு சொல்லிட்டேன். அதுவரைக்கும் குழந்தை என்கிட்ட இருக்கும். ஆமா, அந்தப் பேட்டு உங்க வீட்டுலதானே இருக்கு?"

நரம்பு கட்டக் கொடுத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நானே எடுத்துக்கொண்டு போகணும்.