சாயும் திசை

1998 ஆகஸ்ட் 22, சனிக்கிழமை. பள்ளி இல்லாததால் ஒட்டுப்பால் பொறுக்க அம்மாவோடு நிரைக்குப் போயிருந்தேன். லாபு பக்கம் எங்கள் ரப்பர் தோட்டம். அன்று காலையிலேயே சூரிய கிரகணம். லயத்தில் பாட்டி தாம்பாளத் தண்ணீரில் உலக்கையை நிறுத்திக்கொண்டிருந்தாள். பிள்ளைத்தாய்ச்சிகள் வெளியே தலைகாட்டவில்லை. அம்மாவுக்கு மட்டும் விடுப்பு இல்லை. “கிரகணம்னு பால் நிக்குமாடா?” என்று உளியோடு அடுத்த மரத்துக்குப் போய்விட்டாள். ஆனாலும் கிரகணம் விடும்வரை தேத்தண்ணிப் போத்தலைத் தொடவில்லை.

வானத்தைப் பார்க்கக் கூடாது என்றதால் மரத்தைப் பார்த்தேன். இலைகளின் சின்னச் சின்ன இடுக்குகள் வழியே வந்த சாய்வெயில், பட்டையெங்கும் வெட்டிப்போட்ட நகம்போல வளைந்து விழுந்திருந்தது. அம்மாவின் முதுகில் பத்துப் பன்னிரண்டு பிறைகள்.

அதே ஆண்டு நவம்பர் 20-இல் அனைத்துலக விண்வெளி நிலையத்தின் முதல் பகுதி மேலே போனது. 2007 அக்டோபரில் நம் மலேசிய விண்வெளி வீரர் ஷேக் முஸாபார் அங்கே போய்வந்தார். இன்றும் சில அந்திகளில் அது கண் சிமிட்டாமல் செம்பனைகளுக்கு மேலே கடந்துபோகும்.

அதற்கும் வயதாகிவிட்டது. ரஷ்யப் பகுதியில் விரிசல் கண்டு காற்று கசிந்திருக்கிறது. பால்மரம் இருபத்தைந்து, முப்பது வருடம் பால் தரும்; பிறகு சாய்த்துவிட்டு மறுநடவு செய்வார்கள். நிலையத்துக்கும் ஏறக்குறைய அதே ஆயுசுதான். 2030-க்குப் பிறகு இறக்கிவிடுவதாகத் திட்டம்.

மரம் சாய்ப்பவன் முதலில் பார்ப்பது அது விழும் திசையை. 1979-இல் ஸ்கைலேப் என்ற விண்வெளி நிலையம் அடங்காமல் விழுந்து, மேற்கு ஆஸ்திரேலியாவில் துண்டுகள் சிதறின. இந்த அனைத்துலக நிலையமோ 400 டன்னுக்கும் மேல். இதைத் தென் பசிபிக்கில் ஆளில்லாக் கடல் பார்த்துத் தள்ளுவதற்கென்றே தனிக்கலம் ஒன்றைச் செய்யும் பொறுப்பை 2024-இல் ஸ்பேஸ்எக்ஸிடம் ஒப்படைத்தது நாசா. ஒப்பந்த மதிப்பு 84 கோடி டாலருக்கும் மேல் போகலாம்.

இந்தச் செய்தியைப் படித்ததும் வயிறு எரிந்தது. எங்கள் தோட்டம் வீடமைப்புத் திட்டமானபோது ஒவ்வொரு மரமும் எந்தப் பக்கம் சாயும் என்று கணக்குப் பார்த்தார்கள். லயத்துச் சனம் எந்தப் பக்கம் போய் விழும் என்று யாரும் பார்க்கவில்லை. நாங்கள் சிரம்பானில் விழுந்தோம். சித்தப்பா குடும்பம் கிள்ளானில். பாட்டியின் உலக்கை எங்கே போனதென்று தெரியாது.

2031 மே 21-இல் ஒரு கங்கண கிரகணம் தென்னிந்தியா, இலங்கை வழியாக மலேசியாவுக்கும் வருகிறது. திட்டப்படி நடந்தால் அதற்குள் நிலையம் கடலுக்குள் போயிருக்கும். அம்மாவிடம் சொன்னேன்.

“அன்னிக்கு வேலை நாளா?” என்றாள்.