எவ்வளவு வேகம் போதும்?

பள்ளி நாள்களிலிருந்தே கார் பந்தயம் என்றால் எனக்கு உயிர். அதனாலேயே சுவிட்சர்லாந்தின் மீது நெடுநாள் ஒரு கோபம் இருந்தது. ஜோ சிஃபர்ட், கிளே ரெகசோனி போன்ற ஓட்டுநர்களைத் தந்த நாடு அது. சாவ்பர் பந்தயக் குழு அங்குள்ள ஹின்வில் என்ற சிற்றூரில்தான் வளர்ந்தது. ஆனால், சொந்த மண்ணில் வட்டத் தடத்தில் பந்தயம் நடத்த அந்நாட்டுச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. 1982ஆம் ஆண்டின் சுவிஸ் கிராண்ட் பிரீ பந்தயம்கூட பிரான்சில் உள்ள டிஜோன் தடத்தில்தான் நடந்தது!

இத்தனைக்கும் தலைநகர் பெர்ன் அருகே பிரெம்கார்டன் காட்டுச் சாலைகளில் 1934 முதல் 1954 வரை பெரும் பந்தயங்கள் நடந்திருக்கின்றன. ஏழு கிலோமீட்டருக்கும் சற்றுக் கூடுதலான தடம். சாலையோரம் நெடுக மரங்கள். மழை பெய்தால் ஓட்டுநர்கள் நடுங்குவார்கள். 1948இல் இத்தாலிய வீரர் அக்கீலே வார்சி பயிற்சியின்போதே அங்கு உயிரிழந்தார். பிறகு 1955 ஜூன் மாதம் பிரான்சின் லெ மான் பந்தயத்தில் ஒரு கார் பார்வையாளர்கள் மீது பாய்ந்து, எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பல நாடுகள் பந்தயங்களைச் சில காலம் நிறுத்திவைத்துவிட்டு மீண்டும் தொடங்கின. சுவிட்சர்லாந்து மட்டும் 1958இல் தடையைச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்திலேயே எழுதிவிட்டது.

இவர்களுக்கு வேகமே பிடிக்காதோ என்றுதான் நினைத்திருந்தேன். அவர்களுடைய ரயில்களைப் பற்றிப் படித்த பிறகு அந்த எண்ணம் மாறியது.

1987இல் 'ரயில் 2000' என்ற திட்டத்தை அந்நாட்டு மக்கள் வாக்களித்து ஏற்றார்கள். அதன் அடிப்படைக் கொள்கை, முடிந்த அளவு வேகம் அல்ல, தேவையான அளவு வேகம் என்பது. பொறியியல் படிக்க விரும்பும் மாணவர்கள் இதைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். சூரிக், பெர்ன், பாசல் போன்ற பெரிய நிலையங்களுக்குப் பல திசைகளிலிருந்தும் ரயில்கள் மணி அடிக்கச் சற்று முன்பு வந்து சேரும். மணி அடித்த சில நிமிடங்களில் புறப்படும். இடைப்பட்ட நேரத்தில் பயணிகள் ரயில் மாறிக்கொள்வார்கள். இது நடக்க, இரண்டு நிலையங்களுக்கு இடையிலான பயணம் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக இருந்தால் போதும். சூரிக்கிலிருந்து பெர்னுக்குச் செல்ல ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிக்கொண்டிருந்தது. ஆகவே ஏறத்தாழ 45 கிலோமீட்டருக்குப் புதிய பாதை போட்டு, 2004 டிசம்பரில் பயண நேரத்தை 56 நிமிடமாகக் குறைத்தார்கள். அந்தப் பாதையில் ரயில்கள் மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகின்றன. 300 கிலோமீட்டர் வேகத்துக்குச் செலவழித்திருந்தால்? சீக்கிரம் போய்ச் சேர்ந்து, அடுத்த ரயிலுக்காக மேடையில் காத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

கால அட்டவணையை முதலில் எழுதிவிட்டு, அதற்கேற்பத் தண்டவாளம் போட்டிருக்கிறார்கள். நாமோ பெரும்பாலும் வேகமான வண்டியை வாங்கிய பிறகுதான் அட்டவணையைப் பற்றி யோசிக்கிறோம்.

ரயில் மட்டும் உயிர் வாங்கவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 1882இல் திறக்கப்பட்ட 15 கிலோமீட்டர் கோட்ஹார்ட் சுரங்கத்தைக் குடையும்போது ஏறக்குறைய 200 தொழிலாளர்கள் இறந்தார்கள். அந்த ஒப்பந்தத்தை எடுத்த லூயி ஃபாவ்ரே, வேலை முடிவதற்குள் சுரங்கத்துக்குள்ளேயே உயிர்விட்டார். 2016இல் திறக்கப்பட்ட 57 கிலோமீட்டர் புதிய சுரங்கத்திலும் ஒன்பது பேர் இறந்தார்கள். எனவே 'பந்தயம் கெட்டது, ரயில் நல்லது' என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. மலையைக் கடக்கும் லாரிகளின் சரக்கைத் தண்டவாளத்துக்கு மாற்ற வேண்டும் என்ற நோக்கத்தை மக்கள் முன் வைத்து, 1992இல் வாக்குக் கேட்ட பிறகே புதிய சுரங்கத்துக்கான பாதை திறந்தது. எதற்காக இவ்வளவு செலவு, எதற்காக இவ்வளவு ஆபத்து என்ற கேள்விக்கு அங்கே ஒரு பதில் இருந்தது.

பந்தயத் தடையும் இப்போது போய்விட்டது. மின்சாரக் கார்களுக்கு விதிவிலக்கு தந்து 2018இல் சூரிக்கிலும் 2019இல் பெர்னிலும் ஃபார்முலா இ பந்தயம் நடத்திப் பார்த்தார்கள். 2025 ஜூலையில் தடை முழுமையாக நீக்கப்பட்டது. எனக்கு அதில் மகிழ்ச்சிதான். 1955இல் பார்வையாளர்களைக் காத்தது ஒரு மண் மேடு. இன்றைய தடங்களின் பாதுகாப்பு வேறு.

என்றாலும், புதிய தடத்தை எங்கே போடுவார்கள் என்பதுதான் புரியவில்லை. சமநிலம் குறைந்த நாடு அது. இருக்கும் சமவெளியில் வயல்கள், வீடுகள், நெடுஞ்சாலைகள், அந்த 56 நிமிட ரயில் பாதை எல்லாம் ஏற்கெனவே நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கின்றன. பந்தயத்துக்கு அனுமதி தருவது அந்தந்த மாநிலத்தின் பொறுப்பு. இரைச்சலையும் புகையையும் பற்றி அக்கம்பக்கத்தார் கேள்வி கேட்காமல் விடமாட்டார்கள்.