சேம்பரும் செக்கும்

'சேம்பர்' என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? எங்கள் ஊரில் பத்துப் பேரைக் கேட்டால் எட்டுப் பேர் செங்கல் சூளை என்பார்கள். ஒருவர் ஜட்ஜ் அய்யா உட்காரும் அறை என்பார். மிச்சமிருக்கும் ஒருவர்தான் வர்த்தக சங்கம் என்று சரியாகச் சொல்வார். விசாரித்தால், அவர் அந்த சங்கத்தின் பொருளாளராக இருப்பார்!

பி.காம். படித்த பாவத்துக்கு எனக்கு மாதா மாதம் எங்கள் ஊர் வர்த்தக சங்கத்தின் சுற்றறிக்கை வந்து சேருகிறது. ஒரு காலத்தில் தபாலில் வந்தது, இப்போது வாட்ஸ்அப்பில் வருகிறது. சரக்கு மட்டும் அப்படியே இருக்கிறது. முதல் பக்கத்தில் தலைவர் யாருக்கோ பொன்னாடை போர்த்துகிறார். இரண்டாம் பக்கத்தில் யாரோ தலைவருக்குப் பொன்னாடை போர்த்துகிறார். (இரண்டும் ஒரே பொன்னாடைதானோ என்று எனக்கு ரொம்ப நாளாக ஒரு சந்தேகம்.) மூன்றாம் பக்கத்தில் 'வரவிருக்கும் நிகழ்ச்சிகள்'. ஏற்றுமதிக் கருத்தரங்கு, ஜி.எஸ்.டி. விளக்கக் கூட்டம், அமைச்சரிடம் மனு, உறுப்பினர் குடும்ப விழா. சிலவற்றின் கீழே பொடி எழுத்தில் 'மதிய உணவு உண்டு' என்று போட்டிருக்கும். கூட்டத்துக்கு எத்தனை தலை விழும் என்பதை முடிவு செய்வது அந்தப் பொடி எழுத்துதான்.

கிண்டல் இருக்கட்டும். இந்த சங்கங்கள் லேசுப்பட்டவை இல்லை. 1599-ல் பிரான்ஸ் தேசத்து மார்செய் துறைமுக வியாபாரிகள் ஆரம்பித்து வைத்த பழக்கம் இது. நம் பக்கத்தில் 1836-ல், ஒரே வருஷத்தில், சென்னையிலும் பம்பாயிலும் சேம்பர் தொடங்கினார்கள். பெரும்பாலும் வெள்ளைக்கார வியாபாரிகளின் ராஜ்யம். 'நமக்குன்னு ஒண்ணு வேணும்யா' என்று நம்மவர்கள் 1909-ல் சென்னையில் தென்னிந்திய வர்த்தக சங்கத்தைத் தொடங்கினார்கள். முதல் தலைவர் சர் பிட்டி. தியாகராயர். ஆமாம், நீங்கள் தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகிற தி.நகர் யார் பேரில் இருக்கிறதோ, அவரேதான். மதுரைக்காரர்கள் 1924-ல் தொடங்கினார்கள்.

சும்மா கூடிக் கலைவதற்காக இல்லை. வெளிநாட்டுக்குப் போகும் சரக்குக்கு 'இது இந்தியாவில் பிறந்த பிள்ளைதான்' என்று ஒரு சான்றிதழ் வேண்டும். அதைக் கொடுக்கும் அதிகாரம் பெற்றவர்களில் சேம்பர்களும் உண்டு. வியாபாரிகளுக்குள் தகராறு என்றால் கோர்ட்டுக்குப் போகாமல் மத்தியஸ்தம் பண்ணி வைக்கிற சேம்பர்களும் இருக்கின்றன.

போன மாத சுற்றறிக்கையில், குடும்ப விழா விளம்பரத்துக்கும் இரங்கல் செய்திக்கும் நடுவில் நசுங்கிப் போய் ஒரு வரி கிடந்தது. 'வராத பில் தொகையை வசூலிப்பது எப்படி? ஆலோசனைக் கூட்டம், சனி மாலை 4 மணி.' மதிய உணவு கிடையாது. டீ, பிஸ்கட் மட்டும்.

ஃப்ரீலான்ஸ் எழுத்தாளனுக்கு அந்தத் தலைப்பு எப்படி இனித்திருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. (இந்தப் பத்திரிகை ஒழுங்காகக் கொடுத்துவிடுகிறது. ஆசிரியர் கவனிக்க!) போனேன். இருநூறு நாற்காலி போட்ட ஹாலில் பதினான்கு பேர்.

பேசியவர் ஒரு ஆடிட்டர். பவர்பாயின்ட் மக்கர் பண்ணியதால் நேராக விஷயத்துக்கு வந்துவிட்டார். அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன்.

குறு, சிறு தொழில்களுக்கென்று 2006-ல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி, நீங்கள் சிறு தொழில்காரர் என்றால், உங்களிடம் சரக்கு வாங்கியவர், சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 15 நாளில் பணம் தர வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன நாளுக்குள். ஆனால் ஒப்பந்தத்தில் 90 நாள், 120 நாள் என்று எழுதி வாங்கியிருந்தாலும் செல்லாது. 45 நாள்தான் உச்சவரம்பு. தாண்டினால் வட்டி. எவ்வளவு? ரிசர்வ் பேங்கின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு, மாதா மாதம் கூட்டு வட்டி! பேங்க் ரேட் 6 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் வட்டி 18 சதவீதம். ஒரு லட்ச ரூபாய் பில்லை ஒரு வருஷம் இழுத்தடித்தால் வட்டி மட்டும் 19,500 ரூபாயைத் தாண்டும்.

தகராறு என்றால் அதற்கென்றே மாநில அரசின் கவுன்சில் இருக்கிறது. ஆன்லைனிலேயே மனு போடலாம். 90 நாளில் முடிவு சொல்லச் சொல்கிறது சட்டம் (நடைமுறையில் இழுக்கும், அது வேறு கதை). தீர்ப்பை எதிர்த்து வாங்கியவர் கோர்ட்டுக்குப் போனால், முக்கால்வாசித் தொகையை முதலில் கட்டிவிட்டுத்தான் பேச வேண்டும். இதற்கெல்லாம் 'உத்யம்' பதிவு வேண்டும். 2020 ஜூலையிலிருந்து நடக்கிறது, காலணா செலவில்லை. பில் மாட்டிக்கொண்ட பிறகு பதிவுக்கு ஓடாமல் முன்பே செய்து வைப்பது உத்தமம். ஒரு விஷயம், வாங்கி விற்கிற கடைக்காரருக்கு இந்தச் சலுகை கிடையாது. பொருளைச் செய்து கொடுப்பவருக்கும் சேவை செய்பவருக்கும்தான்.

கேள்வி நேரம். பின் வரிசையில் கிரீஸ் கறை படிந்த சட்டையோடு ஒரு லேத் பட்டறைக்காரர் எழுந்தார்.

"சார், சட்டம் எல்லாம் சரி. எனக்கு ஏழு மாசமா பணம் தர வேண்டியவரு இதோ முன் வரிசையில உக்காந்திருக்காரு. இவர் மேல மனு போட்டா நாளைக்கு எனக்கு ஆர்டர் குடுப்பாரா?"

ஹாலில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. முன் வரிசைக்காரர் மெதுவாகத் திரும்பினார். சண்டைதான் என்று நினைத்தேன். அவர் சொன்னார்:

"அண்ணே, உங்களுக்குத் தரக் கூடாதுன்னா இருக்கேன்? எனக்கு வர வேண்டியது பெரிய கம்பெனியில ஒன்பது மாசமா நிக்குது. நானும் அதைக் கேக்கத்தான் இங்க வந்தேன்."

ஆடிட்டர் வாயடைத்துப் போனார். எந்தப் புத்தகத்திலும் இல்லாத பாடம் அது. மனு போடும் தைரியம் ஒற்றை ஆளுக்கு வராது. ஆர்டர் போய்விடும் என்ற பயம் நியாயமானது. அதற்குத்தானே சங்கம்? பட்டறைக்காரர் பெயர் வெளியே வராமல், சங்கத்தின் லெட்டர்ஹெட்டில் அந்தப் பெரிய கம்பெனிக்கு ஒரு கடிதம் போனால் எப்படி இருக்கும்? பொன்னாடைச் செலவில் பாதிகூட ஆகாது. என்ன சிக்கல் என்றால், அந்தப் பெரிய கம்பெனியும் சங்கத்தின் உறுப்பினர். ஆண்டு விழாவுக்கு விளம்பரமும் அவர்கள்தான் கொடுப்பார்கள்.

அரசாங்கம் வருமான வரி மூலமாகவும் ஒரு பூட்டுப் போட்டுப் பார்த்தது. 2023 நிதிச் சட்டத்தில் வந்து, 2024 ஏப்ரல் முதல் அமலான விதி அது. சிறு தொழில்காரருக்குக் கெடுவுக்குள் பணம் தராவிட்டால், தந்த வருஷத்தில்தான் அதைச் செலவாகக் காட்ட முடியும். அதுவரை அந்தத் தொகைக்கும் சேர்த்து வரி. உடனே என்ன நடந்தது? 'ஒரு வருஷம் தள்ளிப் போடுங்கள்' என்று கோரிக்கை வைத்தவர்களில் வர்த்தக அமைப்புகளும் இருந்தன! கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே பந்தியில் உட்கார்ந்திருந்தால், சங்கம் யார் பக்கம் பேசும்?

சரி, மாசச் சம்பளக்காரனுக்கு இந்தக் கதை எதற்கு என்கிறீர்களா? நீங்கள் சின்னக் கம்பெனியில் இருந்தால், உங்கள் சம்பளம் ஒன்றாம் தேதி வருவதும் பத்தாம் தேதி வருவதும் யாரோ ஒருவர் தராமல் வைத்திருக்கும் செக்கில் தொங்குகிறது. பெரிய கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் செக்ஷனில் இருந்தால் விஷயம் இன்னும் கிட்டே. 'செக் கையெழுத்துக்குப் போயிருக்கு', 'சார் டூர்ல இருக்கார்', 'அடுத்த வாரம் பேசுங்க' என்று போனில் சொல்வது முதலாளி இல்லை. நீங்கள்தான். பொய் அவருடையது, குரல் உங்களுடையது.

உங்களால் செக்கில் கையெழுத்துப் போட முடியாது. ஆனால் 45 நாளைத் தாண்டிய பில்களை மட்டும் தனியாக ஒரு பட்டியல் எடுத்து, பக்கத்திலேயே வட்டியையும் கணக்குப் போட்டு, முதலாளி டேபிளில் வைக்கலாம். தர்மம் நியாயம் என்று எதுவும் எழுத வேண்டாம். அந்த வட்டியைச் செலவுக் கணக்கில் கழிக்கவும் சட்டம் விடுவதில்லை என்று மட்டும் கீழே ஒரு வரி. அதையும் பொடி எழுத்திலேயே எழுதுங்கள். முதலாளிகள் பொடி எழுத்தைத்தான் முதலில் படிப்பார்கள்.